ஊறுகாய் சோதித்த பெண்ணும் இரண்டு மாத்திரைகளும்

1940களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஒரு பெண்ணுக்கு என்ன வேலை தெரியுமா? ஊறுகாயில் புளிப்பு சரியாக இருக்கிறதா, மயோனைஸில் சேரும் முட்டையின் மஞ்சள் கருவுக்கு நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. 'ஏ அண்ட் பி' என்ற பெரிய மளிகைக்கடை நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டு வேலை அது.

அந்தப் பெண் கெர்ட்ரூட் எலியன். வேதியியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவர். பதினைந்து வயதில் தாத்தா வயிற்றுப் புற்றுநோயில் துடித்துச் செத்ததைப் பார்த்து, மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்று வேதியியலுக்குப் போனவர். ஆனால் ஆய்வுக்கூடங்கள் வேலை தரவில்லை. ஓர் இடத்தில், "நீங்கள் இருந்தால் மற்றவர்களின் கவனம் சிதறும்" என்றே சொல்லி அனுப்பினார்களாம்! அப்பா பல் டாக்டர். அவருக்கு வந்த ஒரு வலி மாத்திரை சாம்பிளின் மேல் 'பரோஸ் வெல்கம்' என்ற கம்பெனியின் பெயர் இருந்தது. "அங்கே கேட்டுப் பாரேன்" என்றார். 1944ல் அங்கே வேலை கிடைத்தது. சம்பளம் வாரம் 50 டாலர்.

அவர் சேர்ந்த அந்த ஆய்வுக்கூடம் பின்னாளில் கொடுத்த மருந்துகளில் இரண்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒன்று, மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு வெளியே தள்ளாமல் பார்த்துக்கொண்டது. இன்னொன்று, கவுட் என்ற கொடுமையான மூட்டு வலியைத் தீர்த்தது. அந்த இரண்டாவது மாத்திரையே வெகு சிலருக்குக் கொதிநீர் கொட்டியது போலத் தோலை உரித்தும் எடுத்தது. இந்த இரண்டும் ஒரே நோயாளியின் மாத்திரை டப்பாவில் சந்தித்துக்கொண்டால் என்ன ஆகும்?

(காமர்ஸ் படிப்பவர்களுக்கு ஒரு இடைச்செருகல். பரோஸ் வெல்கம், சைலஸ் பரோஸ், ஹென்றி வெல்கம் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1880ல் லண்டனில் ஆரம்பித்த கம்பெனி. பொடியை அழுத்திச் செய்த மாத்திரைக்கு 1884ல் 'டேப்லாய்ட்' என்று டிரேட் மார்க் வாங்கினார்கள். இன்றைக்குச் சின்ன அளவு செய்தித்தாளைக் குறிக்கும் சொல் அதுதான். 1936ல் வெல்கம் இறந்தபோது கம்பெனியின் மொத்தப் பங்கும் ஓர் அறக்கட்டளைக்குப் போனது. லாபம் எல்லாம் மருத்துவ ஆராய்ச்சிக்கு!)

சரி, மருந்துக்கு வருவோம்.

எலியனின் மேலாளர் ஜார்ஜ் ஹிச்சிங்ஸ். அவர் யோசனை எளிமையானது. எந்தச் செல்லும் பெருக வேண்டுமானால் டி.என்.ஏ. செய்ய வேண்டும். டி.என்.ஏ.வுக்குப் பியூரின் என்ற மூலப்பொருள் வேண்டும். அசல் பியூரின் போலவே தோற்றமளிக்கும் ஒரு போலியைக் கொடுத்தால்? வேகமாகப் பெருகும் செல் அதை வாங்கி ஏமாந்து நின்றுவிடும். இந்த வழியில் எலியன் 1951 வாக்கில் உருவாக்கியதுதான் 6-மெர்காப்டோபியூரின். மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் இருந்த இடத்தில் ஒரு கந்தகம், அவ்வளவுதான் வித்தியாசம். ரத்தப் புற்றுநோயில் சில மாதங்களே உயிர் வாழக்கூடிய குழந்தைகள் இதனால் தற்காலிகமாகவாவது எழுந்து நடமாடினார்கள். 1953ல் அமெரிக்க அரசு ஒப்புதல் கொடுத்தது.

அதே காலத்தில் பாஸ்டனில் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. 1954 டிசம்பர் 23 அன்று டாக்டர் ஜோசப் மர்ரே, ரொனால்ட் ஹெரிக் என்பவரின் சிறுநீரகத்தை எடுத்து அவர் சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தினார். வெற்றி! ரிச்சர்ட் எட்டு ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தார். ஆனால் அவர்கள் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்கள். உடம்புக்கு வித்தியாசமே தெரியவில்லை. இரட்டைப் பிறவி இல்லாதவர்கள் என்ன செய்வது? எதிர்ப்புச் சக்தியை அடக்க, உடம்பு முழுக்க எக்ஸ்ரே கதிர் பாய்ச்சிப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்கள் இறந்துபோனார்கள்.

1959ல் ராபர்ட் ஸ்வார்ட்ஸ், வில்லியம் டேமஷெக் என்ற இருவர் முயல்களுக்கு 6-மெர்காப்டோபியூரின் கொடுத்துவிட்டு, கூடவே அந்நியப் புரதம் ஒன்றை ஊசியில் ஏற்றினார்கள். முயலின் உடம்பு அதை எதிர்க்கவே இல்லை. வேகமாகப் பெருகும் செல்லை நிறுத்தும் மருந்து, சண்டைக்குப் பெருகும் வெள்ளையணுவையும் நிறுத்துகிறது! இதைப் படித்த ராய் கால்ன் என்ற இளம் ஆங்கிலேய மருத்துவர், சிறுநீரகம் மாற்றிய நாய்களுக்கு அந்த மருந்தைக் கொடுத்தார். பிறகு மர்ரேயிடம் வேலை பார்க்க பாஸ்டன் போகும் வழியில் எலியனையும் ஹிச்சிங்ஸையும் பார்த்து, இதைவிட நல்லது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அவர்கள் கொடுத்தவற்றில் ஒன்று அசாதயோபிரின். 6-மெர்காப்டோபியூரினுக்கு ஒரு வால் ஒட்டவைத்தது போன்ற மருந்து. 'லாலிபாப்' என்ற நாய் அதை உண்டு மாதக்கணக்கில் துள்ளித் திரிந்தது. 1962 ஏப்ரலில் உறவில்லாத ஒருவர் இறந்தபின் எடுத்த சிறுநீரகத்தை மர்ரே குழு பொருத்தி, அசாதயோபிரின் கொடுத்தது. அது ஓர் ஆண்டுக்கும் மேல் வேலை செய்தது. உறுப்பு மாற்று என்பது இரட்டையர்களுக்கு மட்டுமான அதிசயம் என்ற நிலை அன்றோடு முடிந்தது.

இனி இரண்டாவது மாத்திரை. 6-மெர்காப்டோபியூரினை உடம்பிலுள்ள சாந்தின் ஆக்சிடேஸ் என்ற என்சைம் சீக்கிரமே சிதைத்துவிடும். அந்த என்சைமை அடைத்துவிட்டால் மருந்து அதிக நேரம் நிற்குமே என்று எலியன் குழு யோசித்தது. அதற்குக் கிடைத்தது அலோபியூரினால். டியூக் பல்கலைக்கழகத்தின் டாக்டர் வேய்ன் ரண்டில்ஸ் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மருந்தின் பலம் கூடியது, விஷமும் அதே அளவு கூடியது. லாபம் இல்லை. ஆனால் ரத்தத்தில் யூரிக் அமிலம் மட்டும் சரசரவென்று இறங்கியிருந்தது. யூரிக் அமிலத்தைச் செய்வதும் அதே என்சைம்தான்! யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகப் படிவதுதான் கவுட். 1966ல் அலோபியூரினால் கவுட் மருந்தாக ஒப்புதல் பெற்றது. ஒரு வேலைக்கு எடுத்த ஆள் வேறு வேலையில் பேர் வாங்கிய கதை.

1988ல் எலியனுக்கும் ஹிச்சிங்ஸுக்கும் நோபல் பரிசு (ஜேம்ஸ் பிளாக் என்பவரோடு சேர்த்து). எலியன் கடைசி வரை பி.எச்.டி. முடிக்கவில்லை என்பது கூடுதல் தகவல்.

இப்போது மாத்திரை டப்பாவுக்கு வருவோம். சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு யூரிக் அமிலம் கூடுவது சகஜம். புதுச் சிறுநீரகமும் முழு வேகத்தில் வேலை செய்வதில்லை. 1983ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சைக்ளோஸ்போரின் என்ற அடுத்த தலைமுறை மருந்து, யூரிக் அமிலம் வெளியேறுவதை இன்னும் குறைத்துவிடும். ஆக, கவுட் வரும். கவுட்டுக்கு அலோபியூரினால் எழுதுவார்கள். நோயாளி ஏற்கெனவே அசாதயோபிரின் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

இங்கே இரண்டு விதமான ஆபத்து உண்டு. பலரும் இரண்டையும் 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று ஒரே வாக்கியத்தில் போட்டுவிடுகிறார்கள். அது தப்பு. ஒன்று கணக்குப் பிழை. இன்னொன்று அடையாளப் பிழை.

கணக்குப் பிழை எளிது. அசாதயோபிரின் உடம்புக்குள் 6-மெர்காப்டோபியூரினாக மாறும். அதைச் சிதைக்கும் கதவை அலோபியூரினால் அடைத்துவிடும். மருந்து தேங்கும். எலும்பு மஜ்ஜை படுத்துவிடும், வெள்ளையணுக்கள் சரியும், சாதாரணக் கிருமி கூட ஆளைக் கொன்றுவிடும். ஆரம்பத்தில் எலியன் குழு வேண்டுமென்றே செய்ய நினைத்த அதே காரியம்தான், இப்போது தெரியாமல் நடக்கிறது! இரண்டையும் சேர்த்தே ஆகவேண்டும் என்றால் அசாதயோபிரின் அளவை மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். இதில் ஒவ்வாமை எதுவும் இல்லை. அளவைச் சரிசெய்தால் தீர்ந்தது.

அடையாளப் பிழை அப்படி இல்லை. அதில் அளவைக் குறைத்துத் தப்பிக்க முடியாது. மருந்தையே நிறுத்த வேண்டும்.

1922ல் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஸ்டீவன்ஸ், ஃபிராங்க் ஜான்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் 7, 8 வயதுள்ள இரண்டு சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். காய்ச்சல், உடம்பெல்லாம் கொப்புளம், வாய் முழுக்கப் புண், கண் வீங்கி மூடிக்கொண்டது. ஏதோ புதுத் தொற்றுநோய் என்று நினைத்தார்கள். 1956ல் ஆலன் லயல் என்ற பிரிட்டிஷ் தோல் மருத்துவர், கொதிநீர் பட்டது போல் தோல் கழன்று வந்த நான்கு நோயாளிகளைப் பற்றி எழுதினார். இரண்டும் ஒரே நோயின் சின்ன, பெரிய வடிவங்கள் என்று பிறகு புரிந்தது. உடம்புப் பரப்பில் 10 சதவீதத்துக்குக் கீழே உரிந்தால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன். 30 சதவீதத்தைத் தாண்டினால் லயல் நோய். பெரிய வடிவத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்துவிடுகிறார். பெரும்பாலும் காரணம் ஏதோ ஒரு மருந்து. அந்தப் பட்டியலின் உச்சியில் இருப்பவற்றில் ஒன்று அலோபியூரினால். (இன்னொன்று சல்ஃபா. உறுப்பு மாற்றியவர்களுக்கு நிமோனியா வராமல் தடுக்கக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையில் ஒரு பகுதி சல்ஃபாதான். மீதிப் பகுதியான ட்ரைமெத்தோபிரிம் எங்கிருந்து வந்தது? ஹிச்சிங்ஸின் கூடத்திலிருந்தேதான்!)

அசாதயோபிரினும் இந்த வகையில் முழுக்க நிரபராதி அல்ல. ஆரம்பித்த சில வாரங்களுக்குள் சிலருக்குக் காய்ச்சல், மூட்டு வலி, தோல் தடிப்பு, ரத்த அழுத்தம் தாழ்ந்து மயக்கம் என்று வரும். சிறுநீரகம் மாற்றியவருக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவர் முதலில் கிருமித் தொற்றைத்தான் நினைப்பார், அல்லது உடம்பு சிறுநீரகத்தை நிராகரிக்கிறதோ என்று பயப்படுவார். உறுப்பைக் காப்பாற்றக் கொடுத்த மாத்திரையே குற்றவாளி என்று கடைசியில்தான் தோன்றும். இடையில் நிறுத்திவிட்டு மறுபடி கொடுத்தால் முதல் தடவையைவிட மோசமாக வரும்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கும் ஆளுக்கு அலர்ஜி எப்படி வரும்? காவலாளியைத் தூங்க வைத்த வீட்டில் யார் குரைப்பது?

காவலாளி முழுக்கத் தூங்குவதில்லை என்பதுதான் பதில். முழுக்கத் தூங்கினால் நோயாளி கிருமியிலேயே போய்விடுவார். மருந்தின் அளவு அரைத் தூக்கத்துக்குத்தான். அதோடு, எதிர்ப்புச் சக்தி என்பது தாக்கும் படை மட்டுமல்ல, அந்தப் படையைக் கட்டுப்படுத்தும் பிரிவும் அதில்தான் இருக்கிறது. 1980களில் எய்ட்ஸ் நோயாளிகளுக்குக் கோட்ரைமாக்சசோல் கொடுத்தபோது இது கண்கூடாகத் தெரிந்தது. எதிர்ப்புச் சக்தி சிதைந்துபோன அவர்களுக்கு, மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகத் தோல் அலர்ஜி வந்தது. பலவீனமான எதிர்ப்புச் சக்தி வேறு, சாதுவான எதிர்ப்புச் சக்தி வேறு.

சரி, ஆயிரம் பேர் அலோபியூரினால் சாப்பிடுகிறார்கள், ஓரிருவருக்கு மட்டும் ஏன் தோல் உரிகிறது? இதற்கான விடை உறுப்பு மாற்று மருத்துவத்தின் பழைய அலமாரியிலேயே இருந்தது.

பிரான்சில் ஜான் டோசே என்ற மருத்துவர், பல தடவை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் சீரம் மற்றவர்களின் வெள்ளையணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பதைக் கவனித்தார். 1958ல் அதற்குக் காரணமான முதல் அடையாளத்தை விவரித்தார். அப்படி ஒன்று ஒன்றாகக் கண்டுபிடித்த அடையாளங்களின் தொகுப்பைத்தான் இன்று எச்.எல்.ஏ. என்கிறோம். 1980ல் அவருக்கும் நோபல் கிடைத்தது. 1964ல் கலிபோர்னியாவில் பால் டெராசாகி, ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு சீரத்தைக் கொண்டே இந்த அடையாளத்தைப் பார்க்கும் தட்டு ஒன்றை வடிவமைத்தார். (இவர் இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகக் குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்ட சிறுவன்.) அதன்பின் உலகெங்கும் சிறுநீரகம் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் எச்.எல்.ஏ. பொருத்தம் பார்ப்பது வழக்கமாயிற்று. நம்மூரில் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பது போல. ஒரு வித்தியாசம், இது நிஜமாகவே வேலை செய்கிறது!

இந்த எச்.எல்.ஏ. உறுப்பை நிராகரிப்பதற்காக உண்டானது அல்ல. இயற்கை எங்கே அறுவைச் சிகிச்சையை எதிர்பார்த்தது? அது செல்லின் மேல் இருக்கும் ஒரு தாம்பாளம். செல்லுக்குள் இருக்கும் புரதங்களின் துணுக்குகளை மாதிரிச் சரக்கு போல வெளியே ஏந்திக் காட்டும். ரோந்து வரும் வெள்ளையணு அதைப் பார்த்து, நம்மாள் என்றால் போய்விடும், அந்நியன் என்றால் கொன்றுவிடும். தாம்பாளத்தின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும்.

2005ல் தைவானில் ஷுயென்-யூ ஹங் முதலான ஆய்வாளர்கள், அலோபியூரினாலால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 51 பேரின் எச்.எல்.ஏ. வகையைப் பார்த்தார்கள். 51 பேரிடமும் ஒரே வகை: பி 58:01. அதே மாத்திரையைச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாத 135 பேரில் 20 பேரிடம் மட்டுமே அது இருந்தது. நூற்றுக்கு நூறு என்ற விடை மருத்துவ ஆய்வில் அடிக்கடி வருவதில்லை. அலோபியூரினால் உடம்பில் ஆக்சிபியூரினாலாக மாறி, இந்த ஒரு வடிவத் தாம்பாளத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ரோந்து வரும் வெள்ளையணுவுக்குச் சொந்தத் தோலே அந்நியனாகத் தெரிகிறது. கிரானுலைசின் என்ற கொலைப் புரதத்தை அவிழ்த்துவிடுகிறது. கொப்புளத்து நீரில் அது குவிந்து கிடப்பதைத் தைவான் ஆய்வாளர்களே 2008ல் காட்டினார்கள். ஆக்சிபியூரினால் வெளியேறும் வழி சிறுநீரகம். அது மந்தமாக இருந்தால் மருந்து தேங்கும், ஆபத்து கூடும். சிறுநீரகம் மாற்றியவரின் நிலைமையை இங்கே நினைத்துப் பாருங்கள்.

இந்த 20 பேரை மறந்துவிடக்கூடாது. வகை இருப்பவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை, பெரும்பாலோர் தப்பிவிடுகிறார்கள். ஆனால் யார் தப்புவார் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. எனவே தைவானில் இன்னொரு காரியம் செய்தார்கள். அலோபியூரினால் தேவைப்பட்ட 2,926 பேருக்கு முதலில் ரத்தப் பரிசோதனை. பி 58:01 இருந்த 571 பேருக்கு வேறு மருந்து. மற்றவர்களுக்கு அலோபியூரினால். பழைய கணக்குப்படி ஏழு பேருக்காவது தோல் உரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் வரவில்லை. 2015ல் இந்த முடிவு வெளிவந்தது. ஏழு என்பது சின்ன எண் என்று தோன்றும். அந்த ஏழு பேரின் வீட்டில் கேட்டால் தெரியும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. தோல் உரியும் நோய் வந்துவிட்டால் அதற்குச் சைக்ளோஸ்போரின் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஆம், அதே உறுப்பு மாற்று மருந்துதான். 2010ல் பிரான்சில் 29 பேருக்குக் கொடுத்த ஒரு சிறு ஆய்வில் ஒருவரும் இறக்கவில்லை. ஒரு கையால் கவுட்டை வரவழைத்து அலோபியூரினாலைக் கூப்பிடும் மருந்து, இன்னொரு கையால் அலோபியூரினால் மூட்டிய தீயை அணைக்க வருகிறது.

பல நாடுகளில் இப்போது அசாதயோபிரினின் இடத்தை மைகோஃபீனோலேட் பிடித்துவிட்டது. சிறுநீரக மாற்றுக்கு அதற்கு ஒப்புதல் கிடைத்தது 1995ல். அதனால் பழைய கணக்குப் பிழை குறைந்திருக்கிறது. கவுட்டுக்கு 2009 முதல் அமெரிக்காவில் ஃபெபுக்சோஸ்டாட் என்ற வேறு மருந்தும் உண்டு. அதன் மூலக்கூறு வேறு வடிவம் என்பதால் பி 58:01 தகராறு இல்லை. ஆனால் அதுவும் அதே என்சைமைத்தான் அடைக்கிறது. அசாதயோபிரினோடு சேர்க்கக்கூடாது. ஒரு பிழைக்குத் தப்பினால் இன்னொன்று வாசலில் நிற்கிறது.

அடையாளப் பிழையைத் தடுக்கும் தகவலைத் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. மற்ற கவுட் நோயாளிகளுக்குத்தான் புதிதாக ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். சிறுநீரகம் மாற்றியவருக்கு அறுவைக்கு முன்பே எச்.எல்.ஏ. பார்த்தாகிவிட்டது. பொருத்தம் பார்த்த அன்றோடு அந்தத் தாளின் வேலை முடிந்துவிட்டதாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். கவுட் வருவதோ சில ஆண்டுகள் கழித்து. மாத்திரை எழுதுபவர் வேறு மருத்துவராக இருக்கலாம், வேறு ஊராகவும் இருக்கலாம். அவர் அந்தப் பழைய தாளை வாங்கிப் பார்த்தால், அதில் 'பி' என்ற இடத்தில் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு எண்கள் இருக்கும். அதில் ஒன்று 58 என்றிருந்தால், அது 58:01தானா என்று உறுதி செய்ய ஒரு பரிசோதனை போதும்.